கூட்டு டிராக்டர் ஸ்டார்ட் ஆகாதபோது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அண்ணன் தம்பிகளோ பங்காளிகளோ சேர்ந்து வைத்திருக்கும் டிராக்டர் எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே வாரத்தில்தான் தேவைப்படும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறக்கப்படும் ஆண்டுகளில், கோடை முழுவதும் கொட்டகையில் நின்றிருந்த வண்டி, டெல்டாவில் குறுவைச் சேற்றுழவுக்கு எடுக்கும் நாளில் கிளம்ப மறுப்பது வாடிக்கை. கீழ்க்காணும் பதில்கள் நம் ஊர்களில் அதிகம் ஓடும் 35 முதல் 50 குதிரைத்திறன் வரையிலான மஹிந்திரா, மாஸி, ஸ்வராஜ் போன்ற வண்டிகளில், 12 வோல்ட் பேட்டரியும் சாதாரண டீசல் பம்பும் உள்ளவற்றுக்குப் பொருந்தும். 2023 ஜனவரி 1 முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கு நான்காம் கட்டப் புகை விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதன் பின் வந்த, மின்னணுக் கட்டுப்பாட்டில் டீசல் பாயும் வண்டிகளுக்கு இங்கே சொல்லும் டீசல் பம்ப், நாசில் (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் முனை) வேலைகள் பொருந்தா. அவற்றின் டீசல் குழாய்களை வீட்டில் தளர்த்தவே கூடாது.

வண்டி கிளம்பவில்லை. முதலில் எதைத் திறந்து பார்க்க வேண்டும்?

எதையும் திறக்க வேண்டாம். கடைசியாக ஓட்டியவர் யார் என்று கண்டுபிடித்து, வண்டி எப்படி நின்றது என்று அவரிடம் கேட்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது இருமி இருமி நின்றதா, ஓட்டியவரே நிறுத்தினாரா, டீசல் முள் எங்கே இருந்தது, அன்று காலையில் செல்ஃப் மந்தமாகச் சுற்றியதா, யாராவது ஃபில்டரையோ ஒயரையோ தொட்டார்களா என்ற கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில் பாதிப் பழுதைக் காட்டிக்கொடுத்துவிடும். தனி ஒருவரின் வண்டியில் இந்த விவரங்கள் அவர் மனத்திலேயே இருக்கும். கூட்டு வண்டியில் அவை மூன்று பேரிடம் சிதறிக் கிடக்கும். கேட்கிற விதம் விசாரணை போல இருந்தால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். "தம்பி, போன வாரம் டிரெய்லர் இழுத்தப்போ எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் வருகிற பதில், "நீ என்ன பண்ணின?" என்று கேட்டால் வராது.

அடுத்து, சாவியைத் திருப்பும்போது நடப்பதை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் சுற்றவே இல்லை என்றால் மின்சாரப் பக்கமும் செல்ஃப் மோட்டாரும் சந்தேகத்துக்குரியவை. மந்தமாகச் சுற்றினால் பெரும்பாலும் பேட்டரியும் அதன் இணைப்புகளும். வேகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் டீசல் பக்கம். இப்படிப் பிரிக்காமல், கண்ணில் பட்டதையெல்லாம் கழற்றத் தொடங்குவதால்தான் ஒரு மணி நேர வேலை மூன்று நாள் வேலையாகிறது.

சாவியைத் திருப்பினால் எந்தச் சத்தமும் வரவில்லை. பேட்டரி போய்விட்டதா?

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். விளக்கு நன்றாக எரிந்து, செல்ஃப் சுற்ற வைக்கும்போதும் மங்காமல் அப்படியே நின்றால், மின்சாரம் செல்ஃப் மோட்டாருக்குப் போய்ச் சேரவே இல்லை என்று பொருள். பேட்டரியைக் குறை சொல்ல முடியாது. அப்போது பாதுகாப்பு ஸ்விட்சைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் கிளட்சை அடிவரை மிதித்தால்தான் செல்ஃப் வேலை செய்யும்; சிலவற்றில் கியரோ, ஹை-லோ லீவரோ நியூட்ரலில் இருக்க வேண்டும்; ரொட்டவேட்டர் போன்ற கருவிக்கு எஞ்சின் விசையைக் கொடுக்கும் பி.டி.ஓ. தண்டின் லீவரையும் விலக்கி வைக்க வேண்டிய வண்டிகள் உண்டு. பல கைகள் மாறும் வண்டியில், ரொட்டவேட்டரைக் கழற்றியவர் பி.டி.ஓ. லீவரைப் போட்டபடி விட்டுப்போயிருப்பது அடிக்கடி நடக்கிறது.

லீவர்கள் சரியாக இருந்தால் ஃபியூஸ், சாவி ஸ்விட்சின் பின்புற இணைப்பு, சொலினாய்டுக்கு (செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் மின்காந்த ஸ்விட்ச்) போகும் மெல்லிய ஒயர் ஆகியவற்றைப் பார்க்கலாம். வைக்கோல் போரை ஒட்டி நிறுத்திய வண்டி என்றால், எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்று டேஷ்போர்டுக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது.

விளக்கே எரியவில்லை என்றால் பேட்டரி முற்றிலும் காலியாக இருக்கலாம், அல்லது டெர்மினலோ எர்த் பட்டையோ தொடர்பு விட்டிருக்கலாம்.

'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. அல்லது 'டகடக' என்று அடித்துக்கொள்கிறது. இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

'டகடக' என்று தொடர்ந்து அடித்துக்கொண்டால், சொலினாய்டு இழுக்கிறது, இழுத்தவுடன் வோல்ட் சரிந்து விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது என்று பொருள். பேட்டரி இறங்கியிருப்பதும் டெர்மினல் தளர்ந்திருப்பதும்தான் வழக்கமான காரணங்கள். ஒரே ஒரு கனத்த 'டக்' சத்தத்தோடு நின்றுவிட்டால், சொலினாய்டின் உள் தொடர்பு தேய்ந்திருக்கலாம், செல்ஃப் மோட்டாரின் கார்பன் பிரஷ் தீர்ந்திருக்கலாம், அல்லது செல்ஃப் மோட்டாரின் முனையிலுள்ள சிறு பற்சக்கரமான பினியன், எஞ்சினின் ஃபிளைவீல் பற்சக்கரத்தில் சிக்கி நின்றிருக்கலாம். சிக்கியிருந்தால், சாவியை எடுத்துவிட்டு, உயர்ந்த கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் பினியன் விடுபடுவதுண்டு. மோட்டார் 'விர்' என்று தனியாகச் சுற்றி எஞ்சின் அசையாமல் இருந்தால், பினியனோ அதை முன்தள்ளும் பகுதியோ பழுது. செல்ஃபைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோவதைத் தவிர வழியில்லை.

பேட்டரி நன்றாக இருக்கிறதா என்று வீட்டிலேயே எப்படித் தெரிந்துகொள்வது?

மலிவான மல்டிமீட்டர் ஒன்று கூட்டு வண்டி வைத்திருக்கும் வீட்டில் இருப்பது அவசியம். சில மணி நேரம் ஓய்வில் இருந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 வாக்கில் இருந்தால் ஏறத்தாழப் பாதி. 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. அதைவிட முக்கியமான சோதனை, செல்ஃப் சுற்றும்போது அளப்பது. நிறைந்திருந்த பேட்டரி செல்ஃப் சுற்றும்போது 9.5 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால், அதன் ஏதோ ஒரு செல் செயலிழந்திருக்க வாய்ப்பு அதிகம். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். அப்படி வராவிட்டால் குற்றம் ஆல்டர்னேட்டரிலோ பெல்ட்டிலோ இருக்கிறது. அதைக் கவனிக்காமல் புதுப் பேட்டரி வாங்கி வைத்தால், சில நாளில் அதுவும் இறங்கிப்போகும்.

பேட்டரியை மாற்றத் தீர்மானிக்கும் முன் டெர்மினல்களைக் கழற்றிச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும் உப்பைச் சமையல் சோடா கரைத்த நீரால், செல் மூடிகளுக்குள் இறங்காமல் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவ வேண்டும். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். இந்த ஒழுங்கு மாறினால் ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும். சில விநாடிகள் செல்ஃப் சுற்றியபின் எந்த இணைப்பு கைக்குச் சூடாகத் தெரிகிறதோ, அந்த இடத்தில்தான் தொடர்பு சரியில்லை. எஞ்சினிலிருந்து சேசிஸுக்குப் போகும் எர்த் பட்டையைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. அது துருப்பிடித்திருந்தால் புதுப் பேட்டரியும் பயன் தராது.

பக்கத்து வண்டியின் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்துக் கிளப்பலாமா?

இரண்டும் 12 வோல்ட் என்றால் கிளப்பலாம். பாசிட்டிவோடு பாசிட்டிவை இணைத்து, நல்ல பேட்டரியின் நெகட்டிவிலிருந்து வரும் ஒயரின் மறுமுனையை, கிளம்பாத வண்டியின் பேட்டரியில் மாட்டாமல், பேட்டரிக்குத் தள்ளி, எஞ்சினின் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்ட வேண்டும். மின்னேறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அதன் தலைமேல் பொறி பறந்தால் பேட்டரி வெடிக்கும், அமிலம் முகத்தில் தெறிக்கும். வீட்டு மின்சார ஒயரை முறுக்கி இதற்குப் பயன்படுத்துவது வீண் வேலை. அந்தத் தடிமன் ஒயர் செல்ஃப் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தாங்காமல் உருகும்.

செல்ஃப் மோட்டாரின் இரண்டு போல்ட்டுகளை ஸ்குரூடிரைவரால் தொட்டுக் கிளப்புகிறார்களே, நாமும் செய்யலாமா?

செய்யக் கூடாது. அப்படித் தொடும்போது கிளட்ச், நியூட்ரல் பாதுகாப்பு ஸ்விட்சுகள் அனைத்தும் விலகிப்போகின்றன. தொடுபவர் தரையில், பின்சக்கரத்துக்கு முன்னால் நிற்கிறார். யாரோ கியரில் விட்டுப்போன வண்டி அந்த நொடியே கிளம்பி அவர் மேல் ஏறும்; விலக நேரம் இருக்காது. டிராக்டரால் நேரும் மரணங்களில் இது உலகெங்கும் அறியப்பட்ட ஒரு வகை. தனியாள் வண்டியில் கியர் எந்த நிலையில் இருக்கிறது என்பதாவது ஓரளவு நினைவிருக்கும். கூட்டு வண்டியில் அந்த நினைவும் கிடையாது.

எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. எங்கே தொடங்குவது?

ஸ்டாப் நாப்பில் தொடங்குங்கள். இழுத்து நிறுத்திய நாப்பை உள்ளே தள்ளாமல் விட்டுவிட்டால், பம்ப் டீசல் அனுப்பாது. எத்தனை முறை செல்ஃப் அடித்தாலும் பேட்டரிதான் தீரும். நாப் உள்ளே போனாலும் கேபிள் துருவால் இறுகி, பம்பில் உள்ள சிறிய லீவர் திரும்பாமல் நிற்கக்கூடும். ஆகவே பானட்டைத் திறந்து அந்த லீவரைக் கையால் தள்ளிப் பார்க்க வேண்டும். சாவியால் அணையும் வண்டிகளில் இதே வேலையை ஒரு சொலினாய்டு செய்கிறது. சாவியை ஆன் செய்யும்போது அதிலிருந்து மெல்லிய 'டிக்' சத்தம் வர வேண்டும்.

பிறகு டேங்கில் டீசல் உண்மையிலேயே இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பாருங்கள். முள்ளை நம்ப வேண்டாம். மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே போனால், மூடியின் காற்றுத் துளை அடைந்திருக்கிறது, டேங்கில் வெற்றிடம் உருவாகி டீசலை இழுத்துப் பிடித்திருக்கிறது. டேங்கின் அடியிலுள்ள குழாய்த் திருகு மூடியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவையெல்லாம் சரி என்றால், ஒருவர் செல்ஃப் அடிக்க, மற்றவர் சைலன்சரைக் கவனிக்க வேண்டும். புகையே வரவில்லை என்றால் சிலிண்டருக்குள் டீசல் போகவில்லை. அடுத்த பதில் உங்களுக்கானது. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. அதைப் பின்னால் தனியே பார்ப்போம். ஒரே மூச்சில் 10 முதல் 15 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காமல், ஒவ்வொரு முறைக்கும் இடையே ஒரு நிமிடமாவது ஆற விட வேண்டும்.

ஏர் எடுப்பது என்றால் என்ன? அதை நாமே செய்ய முடியுமா?

டீசல் குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்றுவதே ஏர் எடுப்பது. டீசல் எஞ்சினில் தீப்பொறி பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை ஏறத்தாழ 16 முதல் 18 மடங்கு வரை சுருக்கி அழுத்தும்போது அந்தக் காற்று 500 டிகிரி செல்சியஸையும் தாண்டிச் சூடாகிறது. அதில் நாசில் வழியாகப் பீய்ச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. நாசில் திறக்க 150 பாருக்கு மேற்பட்ட அழுத்தம் வேண்டும். குழாயில் காற்றுக் குமிழி இருந்தால், பம்ப் தள்ளும்போது காற்று சுருங்கிக்கொடுக்கும், அழுத்தம் ஏறாது, நாசில் திறக்காது. டீசல் தீர்ந்து நின்ற வண்டியில் மறுபடி டீசல் ஊற்றினாலும் கிளம்பாததற்குக் காரணம் இதுதான். டேங்கைக் காலி செய்து நிறுத்தியவர் ஒருவர், மறுநாள் டீசல் ஊற்றிக்கொண்டு வருபவர் வேறொருவர் என்பதால், கூட்டு வண்டிகளில் இந்தப் பழுதுதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம்.

பொறுமையுள்ள எவரும் இதைச் செய்யலாம். டேங்கில் கால் பங்குக்காவது டீசல் இருக்க வேண்டும். ஃபில்டர்களையும் பம்பையும் சுற்றியுள்ள மண்ணை டீசல் நனைத்த துணியால் நன்றாகத் துடைக்க வேண்டும். உள்ளே போகும் ஒரு துகள் மண் பம்பின் உட்பாகத்தைக் கீறிவிடும். முதல் ஃபில்டரின் மேலுள்ள ஏர் ஸ்குரூவை ஒன்றிரண்டு சுற்று தளர்த்தி, டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்பின் கை லீவரை அடிக்க வேண்டும். முதலில் நுரையும் குமிழியுமாக வரும். தெளிந்த டீசல் தடையின்றி வழியும்போது, அடிப்பதை நிறுத்தாமலேயே ஸ்குரூவை இறுக்க வேண்டும். லீவர் தளதளவென்று ஆடி, டீசலை இழுக்கும் பிடிப்பே இல்லை என்றால், உள்ளே அந்தப் பம்பைத் தள்ளும் கேம் ஏறிய நிலையில் நின்றிருக்கிறது. செல்ஃபை ஒரு தட்டுத் தட்டி எஞ்சினைச் சிறிது திருப்பினால் லீவர் பிடிக்கும். அடுத்து இரண்டாம் ஃபில்டர், அதன் பின் டீசல் பம்பிலுள்ள ஏர் ஸ்குரூ என, டேங்கிலிருந்து எஞ்சினை நோக்கிய வரிசையில் போக வேண்டும். வரிசையை மாற்றினால் பின்னால் நிற்கும் காற்று முன்னால் வந்து, செய்த வேலையைக் கெடுக்கும்.

பல வண்டிகள் இந்த அளவிலேயே கிளம்பிவிடும். கிளம்பாவிட்டால், நாசிலில் வந்து சேரும் குழாய்களின் நட்டுகளை, பெரும்பாலும் 17 அல்லது 19 ஸ்பேனரால், அரைச் சுற்றுத் தளர்த்தி, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் வைத்து, வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். நட்டின் ஓரத்தில் டீசல் விட்டுவிட்டுத் துள்ளி வந்ததும் ஒவ்வொன்றாக இறுக்கலாம். இந்தக் கட்டத்தில் கை, முகம் எதையும் குழாய்க்கு நேராகக் கொண்டுபோகக் கூடாது. கண்ணாடி அணிந்துகொள்ள வேண்டும். இந்த அழுத்தத்தில் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியது போன்ற புள்ளிதான் தெரியும். வலிகூட உடனே இருக்காது. ஆனால் உள்ளே சதை அழுகி, விரலையே எடுக்க நேரலாம். அப்படி நேர்ந்தால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இராமல், அன்றே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், அழுத்தத்தில் டீசல் ஏறியது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

ஏர் எடுத்தால் கிளம்புகிறது. மறுநாள் காலையில் மறுபடியும் அதே கதை. ஏன்?

எங்கோ ஓரிடத்தில் காற்று உள்ளே நுழைகிறது. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரையுள்ள பகுதி உறிஞ்சும் பகுதி. அங்கே விரிசல் இருந்தால், ஓடும்போது டீசல் வெளியே ஒழுகுவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே போகும், ஈரமே தெரியாது. ஃபீட் பம்புக்கு அப்பால் விரிசல் இருந்தால் டீசல் கசிந்து கண்ணுக்குத் தெரியும். ஆகவே ஒழுகல் எதுவும் தெரியாமல் ஏர் பிடித்துக்கொண்டே இருந்தால், பழைய ரப்பர் குழாய், அதன் கிளிப், செம்பு வாஷர்கள், வண்டல் கிண்ணத்தின் ரப்பர் வளையம் ஆகியவற்றையே சந்தேகப்பட வேண்டும். ஒருமுறை பயன்பட்ட செம்பு வாஷரையும் ஃபில்டர் வளையத்தையும் மறுபடி மாட்டுவது சின்னச் சிக்கனம். அதற்குப் பலமுறை விலை கொடுக்க வேண்டியிருக்கும். குறிப்பிட்ட இடம் அகப்படாவிட்டால், ஒளி ஊடுருவும் குழாயைத் தற்காலிகமாக இடையில் மாட்டிக் குமிழி ஓடுகிறதா என்று பார்ப்பது பட்டறைகளில் செய்யும் எளிய வழி.

டீசலில் தண்ணீர் கலந்திருக்குமோ?

கேனில் வாங்கி, மூடாத பேரலில் வைத்து ஊற்றும் பழக்கம் இருந்தால் கட்டாயம் சந்தேகப்படலாம். ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஓரிரவு வைத்தால், டீசல் இலேசானது என்பதால் மேலே நிற்கும். தண்ணீர் அடியில் தனியாகத் தெரியும். பாதி டேங்கோடு மாதக்கணக்கில் நின்ற வண்டியில், காற்றின் ஈரம் குளிர்ந்து டேங்கின் உட்சுவரில் நீராக இறங்குவதும் உண்டு. தண்ணீரும் டீசலும் சேரும் எல்லையில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கரும்பசையாக ஃபில்டரை அடைக்கும். பம்பின் உள்ளுறுப்புகளுக்கு டீசலே மசகு என்பதால், தண்ணீர் போனால் அவை துருவேறித் தேயும். இந்நிலையில் டேங்கை முழுவதும் வடித்துக் கழுவி, ஃபில்டர்களை மாற்றி, பிறகு ஏர் எடுக்க வேண்டும். அரைகுறையாகச் செய்து கிளப்பிப் பார்ப்பது, ஃபில்டரின் விலையை மிச்சம் பிடித்துப் பம்பின் விலையைக் கொடுப்பதில் முடியும்.

வெள்ளைப் புகை வருகிறது, ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை. என்ன பொருள்?

எரியாத டீசல் ஆவியாகி வெளியே வருகிறது. பேட்டரி மந்தமாக இருந்து எஞ்சின் தேவையான வேகத்தில் சுற்றாவிட்டாலே இப்படி ஆகும். ஆகவே பெரிய பழுதுகளை நினைக்குமுன் நல்ல பேட்டரியோடு ஒருமுறை முயன்று பார்க்க வேண்டும். ஏர் கிளீனரையும் பார்க்க வேண்டும். எண்ணெய்க் கிண்ணம் உள்ள வகையில், குறிக்கு மேல் எண்ணெய் ஊற்றியிருந்தாலும் அது சேறாகியிருந்தாலும் காற்று தடைப்படும். நீண்ட நாள் நின்ற வண்டியின் காற்றுக் குழாயில் குளவி கூடு கட்டியிருப்பதும் நம் ஊரில் புதிதன்று. நீலகிரி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த இடங்களில், ஹீட்டர் உள்ள வண்டியாக இருந்தால் அது சூடாகிறதா என்பதும் கேள்வி.

இவையெல்லாம் சரியாக இருந்தும் வெள்ளைப் புகையே வந்தால், நாசில் தூவலாகத் தெளிக்காமல் சொட்டுகிறது, அல்லது ரிங், வால்வு தேய்ந்து கம்ப்ரஷன் போய்விட்டது. முதலாவதைப் பட்டறையில் நாசிலைச் சோதனைக் கருவியில் மாட்டிப் பார்த்தும், இரண்டாவதைக் கம்ப்ரஷன் அளந்தும்தான் உறுதி செய்ய முடியும். அளக்காமலே "ரிங் போயிடுச்சு, இறக்கிடலாம்" என்று சொல்பவரிடம் வண்டியை விட வேண்டாம். ஈதர் ஸ்பிரே அடித்துக் கிளப்பும் பழக்கத்தையும் ஊக்குவிக்க முடியாது. ஹீட்டர் உள்ள எஞ்சினில் அது காற்றுக் குழாயிலேயே வெடிக்கும், இல்லாத எஞ்சினில் நேரம் தவறி எரிந்து பிஸ்டனை உடைக்கும்.

மழைக்காலம் முழுவதும் வெளியில் நின்ற வண்டி. செல்ஃப் அடித்தால் எஞ்சின் சிறிதும் அசையவில்லை.

செல்ஃபைத் தொடர்ந்து அடிக்க வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். நிமிர்ந்த சைலன்சர் மூடியில்லாமல் இருந்தால் மழைநீர் அதன் வழியே இறங்கி, திறந்திருக்கும் வால்வு வழியாகச் சிலிண்டருக்குள் போயிருக்கலாம். தண்ணீர் அழுத்தத்தில் சுருங்காது என்பதால், வலிந்து சுற்றினால் கனெக்டிங் ராடு வளையும். முதலில் டிப்ஸ்டிக்கை எடுத்து எண்ணெய் பால் கலந்தது போல இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நாசில்களைக் கழற்றிவிட்டு, முன்புறக் கிராங்க் புல்லியைக் கையால் திருப்ப முயல வேண்டும். தண்ணீர் இருந்தால் நாசில் துளை வழியாக வெளியேறும். திரும்பாவிட்டால் சிலிண்டருக்குள் துருப்பிடித்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் சிறிது எண்ணெய் விட்டுச் சில நாள் ஊற வைத்து மறுபடி முயலலாம். அதற்கும் மசியாவிட்டால் ஹெட்டைத் திறக்க வேண்டியதுதான். எண்ணெயில் தண்ணீர் கலந்த எஞ்சினை, எண்ணெயும் ஃபில்டரும் மாற்றாமல் ஓட்டினால் பேரிங் போய்விடும்.

வேறொரு டிராக்டரால் இழுத்துக் கிளப்பலாமா?

பேட்டரியோ செல்ஃபோ மட்டுமே பழுது என்று உறுதியாகத் தெரிந்தால், சமதளத்தில், அனுபவமுள்ள இருவர், தாழ்வான இழுவைக் கொக்கியில் நீண்ட சங்கிலி மாட்டி, உயர்ந்த கியரில் மெதுவாக இழுத்துக் கிளப்பலாம். அச்சுக்கு மேலே கட்டி இழுத்தால் முன்வண்டி மல்லாந்து கவிழும். கிளம்பிய நொடியில் பின்வண்டி முன்னே பாயும் என்பதால் கிளட்சை உடனே மிதிக்க வேண்டும். டீசல் பக்கப் பழுதுக்கு இழுப்பதால் எந்தப் பயனும் இல்லை. பெரும்பாலும் மக்கள் இழுப்பது அதற்குத்தான்.

எதை நாமே தொடக்கூடாது?

டீசல் பம்பின் சீல் செய்யப்பட்ட திருகுகள், நாசிலின் உட்பாகம், பம்பின் டைமிங் (டீசல் பாயும் நேரப் பொருத்தம்), ஹெட் போல்ட்டுகள். முதல் மூன்றுக்கும் அளவுக் கருவி வேண்டும். நான்காவதற்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரும் இறுக்கும் வரிசையும் வேண்டும். பம்பைக் கழற்றி அனுப்ப நேர்ந்தால், கழற்றும் முன் டைமிங் குறிகளைச் செல்பேசியில் படம் எடுத்து எல்லாப் பங்காளிகளுக்கும் அனுப்பிவிடுவது நல்லது; மாற்றிய பழைய பாகங்களையும் பில்லையும் கேட்டு வாங்கி வைக்க வேண்டும். மெக்கானிக்கின் மேல் உள்ள ஐயத்தைவிட, "உண்மையிலேயே மாத்தினானா?" என்று சித்தப்பா மகனுக்கு எழும் ஐயத்தைத் தீர்க்க அது உதவும்.

என் தம்பி டேங்கைக் காலி செய்து நிறுத்தினான். என் முறையில் வண்டி கிளம்பவில்லை. பட்டறைச் செலவு யாருடையது?

என் கருத்தைச் சொல்கிறேன். டீசல் தீர்ந்தது, எண்ணெய் பார்க்காமல் ஓட்டியது, ஸ்டாப் நாப்பை இழுத்தபடி விட்டது போன்ற, ஆள் தெரிந்த அலட்சியங்களின் செலவு அவருடையது. ஃபில்டர், எண்ணெய், பெல்ட், நாசில் போன்று ஓட்டத்தால் தேய்பவற்றை ஓட்டிய மணிக்கணக்கில் பிரிக்க வேண்டும். பேட்டரி நின்றாலும் வீணாகும், ஓடினாலும் வீணாகும். அதைப் பங்கு விகிதத்தில் பிரிப்பதே நியாயம். யார் காரணம் என்று நிறுவ முடியாத பழுதைப் பொதுச் செலவாக எழுதிவிட வேண்டும், துப்புத் துலக்க வேண்டாம்.

மணிக்கணக்குப் பிரிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. எஞ்சினால் நேரடியாகச் சுழலும் பழைய வகை மணி மீட்டர், குறிப்பிட்ட ஒரு எஞ்சின் வேகத்தில்தான் கடிகார மணியோடு ஒத்துப்போகும். ரொட்டவேட்டரை முழு வேகத்தில் ஓட்டிய அண்ணனுக்கு மீட்டர் வேகமாக ஏறும். டிரெய்லரை மெல்ல இழுத்த தம்பிக்கு மெதுவாக ஏறும். தேய்மானமும் ஏறத்தாழ அப்படியே என்பதால் கடிகாரத்தைவிட மீட்டரை நம்பலாம். எடுக்கும்போதும் விடும்போதும் மீட்டர் எண், டீசல் அளவு, கண்ட குறை ஆகிய மூன்றையும் கொட்டகைச் சுவரில் தொங்கும் நோட்டில் எழுதி வைத்தால், வாக்குவாதத்தோடு பழுது பார்க்கும் நேரமும் பாதியாகும்.

சேற்றுழவு நேரத்தில் வண்டி பட்டறையில் இருந்தால், அதற்காகப் பங்காளிகள் சண்டையிட்டு நாற்றங்காலை முற்ற விட வேண்டியதில்லை. வேளாண்மைப் பொறியியல் துறை மணிக்கணக்கில் டிராக்டர்களை வாடகைக்கு விடுகிறது. இ-வாடகை செயலியில் பதிவு செய்யலாம். தனியார் வண்டியானாலும், வாடகையைப் பொதுக் கணக்கில் எழுதுவதா இல்லையா என்பதை முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும்.

வண்டியின் ஆர்.சி. இறந்துபோன அப்பாவின் பெயரிலேயே இருக்கிறது. பழுது பார்ப்பதில் இது இடைஞ்சலா?

சாதாரணப் பழுதுக்கு இடைஞ்சல் இல்லை. காப்பீட்டு இழப்பீடு கேட்கும்போதும், எஞ்சினையே மாற்ற நேரும்போதும் சிக்கல் வரும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 56-ஆம் விதிப்படி, உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்துவிட்டால், வாரிசு மூன்று மாதம் வரை வண்டியைப் பயன்படுத்தலாம். அதற்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். நாள் கடந்திருந்தாலும் இனிமேலாவது மாற்றிக்கொள்வது நல்லது. யார் பெயருக்கு மாற்றினாலும், மற்றவர்களின் பங்கைத் தனியே எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

அறுவடை முடிந்து மூன்று மாதம் நிற்கப்போகும் வண்டியை எப்படி விட்டுவைப்பது?

டேங்கை நிரப்பி நிறுத்துங்கள். காற்றுக்கு இடமில்லாவிட்டால் ஈரம் சேராது. நிரப்பும் செலவைப் பொதுக் கணக்கில் எழுதலாம். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றி, டிஸ்டில்ட் வாட்டர் அளவைப் பார்க்க வேண்டும். சைலன்சரின் மேல் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து வையுங்கள். கிளப்பும் முன் அதை எடுக்க வேண்டும் என்று ஸ்டியரிங்கில் ஒரு சீட்டும் கட்டிவிடுங்கள், ஏனென்றால் கவிழ்த்தவரும் எடுப்பவரும் ஒருவராக இருக்கமாட்டார்கள். சேறு பட்ட இடங்களைக் கழுவி, கிளட்சை மிதித்த நிலையில் கட்டையால் முட்டுக் கொடுத்து வைத்தால், கிளட்ச் தட்டு துருவால் ஒட்டிக்கொள்ளாது. இடையில் ஓட்டிப் பார்க்க விரும்பினால், ஐந்து நிமிடம் உறுமவிட்டு அணைப்பதால் எண்ணெயில் ஈரமே சேரும். எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை அரை மணி நேரமாவது ஏதேனும் வேலைக்குப் பயன்படுத்துங்கள்.